புறப்பாட்டுக்கு முந்தைய நாள்



பெரு நாட்டு இன்கா நடைவழியில் எவரும் தம் விருப்பப்படி நடந்துவிட இயலாது. உரிமம் பெற்ற வழிகாட்டியுடன், குழுவாகவே செல்லல் வேண்டும். நாளொன்றுக்குச் சுமையாளர் உட்பட 500 பேருக்கே அனுமதி. மச்சு பிச்சு வரை நான்கு நாள் நடை. அதற்கு முன்னர்க் கூஸ்கோ நகரில் ஒரு நாளேனும் தங்குதல் மரபு. 3,400 மீட்டர் உயரத்தில் மூச்சுப் பழகவேண்டும் என்பதே காரணம். ஆகவே, உடம்பின் பொருட்டு வாய்த்த ஓய்வுநாளே ஊர் காணும் நாளாகிறது.

பயணி கோக்கா இலைத் தேநீர் அருந்திவிட்டு மெல்ல நடக்கிறான். பெருஞ்சதுக்கம், தேவாலயம், கடைத்தெரு ஆகியவற்றை ஒரு மணி நேரத்தில் கண்டுவிடலாம். காலைத் தடுத்து நிறுத்துவன சுவர்களே. ஆதுன் ருமியோக் தெருவில் பன்னிரு கோணங்கள் கொண்ட கல்லொன்று, சாந்தின்றி, அண்டைக் கற்களோடு ஊசிமுனையும் நுழையாவண்ணம் பொருந்தி நிற்கிறது. (2025 பிப்ரவரியில் ஒருவர் அதனைச் சுத்தியால் சிதைத்த செய்தி கல்லை நேசிப்போர் நெஞ்சைச் சுட்டது.) கொரிகாஞ்சா என்னும் கதிரவன் கோயிலின் சுவர்களைப் பொன்தகடுகள் போர்த்திருந்தன. அத்தகடுகளை இசுபானியர் பெயர்த்துக்கொண்டு, அடித்தளத்தின்மேல் தொமினிக்கன் மடத்தை எழுப்பினர். 1950 மே மாத நிலநடுக்கத்தில் மடம் பெரிதும் சிதைந்தது. அடியிலிருந்த இன்காச் சுவர்களோ அசையாமல் வெளிப்பட்டன.

இந்நகரிற் பிறந்து, புறப்பாட்டை முன்னிட்டு ஒன்றைக் கண்ட ஓர் எழுத்தாளரை இவ்விடத்தில் நினைத்தல் தகும். இன்கா கார்சிலாசோ தெ லா வேகா 1539இல் இசுபானியத் தலைவர் ஒருவருக்கும் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் மகனாகப் பிறந்தவர். 1560இல், இருபது வயதில், இசுபானியா செல்லுமுன் நகர அதிகாரி போலோ தெ ஒந்தேகார்தோவிடம் விடைபெறச் சென்றார். போகிறவர் சொல்லிக்கொள்ள ஏதேனும் வேண்டுமே என்று, உம் முன்னோர் சிலரைக் கண்டு செல்லும் என அதிகாரி ஓர் அறையைக் காட்டினார். அங்கே அரசர் மூவர், அரசியர் இருவர் என ஐந்து உடல்கள், மயிரும் இமையும் கெடாமல், பதப்படுத்தப்பட்டு அமர்ந்திருந்தன. உவைனா காப்பாக்கின் விரலொன்றை இளைஞர் தொட்டார். அது மரம்போல் விறைத்திருந்தது.

பின்னர் அவர் கூஸ்கோவுக்குத் திரும்பவேயில்லை. 1609இல் லிசுபனில் வெளிவந்த தம் நூலில் இதனைப் பதிந்த முதியவர், அன்று தாம் கூர்ந்து நோக்காமைக்கு வருந்துகிறார். இவற்றைப் பற்றி எழுதுவோம் என்று அன்று எண்ணவில்லையாம்! எழுத்தின்றி முடிச்சுக் கயிறுகளில் கணக்கும் வரலாறும் காத்த இனம் அது. அவ்வினத்தின் அரசர்களைக் கண்ணாற் கண்டு, பின் நூலும் எழுதியவர் அவர். அவருக்கே கண்டது போதவில்லை. தாய்மொழியாகிய கெச்சுவாவில் அன்றி, தந்தையின் இசுபானியத்தில் எழுதினார் என்பதும் நம்போன்றோர் நெடிது எண்ணற்குரியது. அவ்வுடல்கள் லிமாவுக்குக் கொண்டு செல்லப்பட்டன. இன்று அவை இருக்கும் இடம் தெரியவில்லை.

மாலையில் குழு கூடுகிறது. வழிகாட்டி வரைபடத்தை விரித்து, ஏற்றம் எங்கே, நீர் எங்கே, வழுக்கும் படிகள் எங்கே என்று சொல்கிறார். பன்றிப்பொறியையும் கவண்கல்லையும் முன்னரே எச்சரிக்கும் மலைபடுகடாம் தமிழ் படித்தார்க்கு நினைவில் எழாமற் போகாது. ஆற்றுப்படுத்துவோன் தொழில் எங்கும் ஒன்றே. வழியின் உச்சி 4,215 மீட்டர். 'இறந்த பெண்' கணவாய் என்பது அதன் பெயர். கேட்டவர் சிலர் சிரிக்கின்றனர்.

அடுத்து மூட்டைகள் தராசில் ஏறுகின்றன. சுமையாளர் ஒருவர் 20 கிலோவுக்கு மேல் சுமக்கலாகாதென 2001இல் சட்டம் வந்தது. அதற்கு முன் எவ்வளவு ஏற்றினார்கள் என்பதை அவர்கள் முதுகுகளே அறியும். பயணி தன் பையைத் திறந்து, காலையில் கடைத்தெருவில் வாங்கிய கனத்த படநூலை எடுத்து விடுதியில் வைத்துவிடுகிறான். விடியுமுன் பேருந்து, 82ஆம் கிலோமீட்டரில் நடை தொடங்கும்.