கற்பூரவள்ளியைக் குளிர்காலத்தில் காப்பாற்றுதல்

(மூத்தோர் ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மெல்பேர்ண் வாழ் தமிழரின் இல்லங்களில் யூலை மாதந்தோறும் ஒரு முறைப்பாடு எழுவதுண்டு. கோடை முழுவதும் தழைத்து நின்ற கற்பூரவள்ளி ஒரே இரவின் உறைபனியில் கறுத்துச் சரிந்துவிட்டது என்பதே அது. வளர்த்தவர் கைராசியில் குறையேதும் இல்லை. செடியின் இயல்பு அத்தகையது.

கற்பூரவள்ளி, துளசிக்கும் புதினாவுக்கும் உறவுடைய செடி. ஆயினும் புதினா மேலே வாடினாலும் மண்ணுக்குள் வேரைக் காத்துக்கொண்டு வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். கற்பூரவள்ளியின் தடித்த இலையும் தண்டும் நீர் நிறைந்தவை. அந்நீர் உறைந்தால் செடி அழுகிவிடும். விதையும் அரிதாகவே கட்டும். ஆகவே கடைசித் தண்டு அழிந்தால் அடுத்த ஆண்டுக்கென எதுவும் எஞ்சாது. ஊரிலும் இது வேலிக்கு மேலாக ஒருவர் ஒடித்துக் கொடுக்க மற்றவர் நட்டு வளர்த்த செடியே அன்றோ!

எனவே ஏப்பிரல் மாதத்திலேயே, குளிர் இறங்குமுன், நான்கு விரல் நீளத் தண்டுகள் இரண்டு மூன்றினைக் கணுவுக்குக் கீழே வெட்டுதல் வேண்டும். அடியிலைகளைக் களைந்து, வெட்டுவாய் ஒருநாள் உலர்ந்தபின், சிறு சாடியில் நடலாம். சில வாரங்களில் வேர் பிடிக்கும். குளிர்காலச் சூரியன் இங்கு வடதிசையில் தாழ்ந்து செல்வதால் வடக்கு நோக்கிய யன்னலோரமே இதற்கு ஏற்ற இடம். மேல்மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுக. வீட்டினுள் வைத்த செடி குளிரால் மடிவதைவிட, அன்பு மிகுதியால் ஊற்றும் நீரால் மடிவதே அதிகம்.

கடையில் வாங்கும் மண்கலவையைக் கையாளுகையில் கவனம் தேவை. அதில் லெஜியோனெல்லா என்னும் பக்றீரியா இருக்கக்கூடும். அதன் தூசியைச் சுவாசித்தால் கடும் நுரையீரல் அழற்சி ஏற்படலாம். மூத்தோருக்கு இந்த ஆபத்து அதிகம். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, திறந்த வெளியில் பையைப் பிரித்து, கலவையை நனைத்த பின்னரே கையிடுக. முடிவில் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

ஊரிலிருந்து தண்டு கொண்டுவர எண்ணுவோரும் உளர். அனுமதியின்றி உயிருள்ள செடியைக் கொண்டுவருதல் 2015ஆம் ஆண்டின் உயிரியற் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. விமான நிலையத்தில் அறிவிக்கத் தவறுவோர் பெருந்தண்டம் செலுத்த நேரிடும்; வருகைதரும் பெற்றோரின் விசாவும் இரத்தாகலாம்.

தடிமனுக்கு இதன் இலையை அவித்துக் குடிப்பது நெடுநாள் வழக்கம். ஆனால் மூச்சுத்திணறும் குழந்தைக்கு அவித்த நீர் கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது. உடனே 000 இலக்கத்தை அழைக்க வேண்டும். நாயும் பூனையும் இவ்விலையை உண்டால் வாந்தியெடுக்கக்கூடும். சாடியை அவற்றுக்கு எட்டாது வைத்தல் நன்று.

மண்டப வாயிலருகே வேர்விட்ட தண்டுகள் வைக்கப்பட்டுள்ளன. வீட்டுக்கு ஒன்றாக எடுத்துச் செல்லலாம்.