சேதியைச் சோதிக்கும் பிள்ளைகள்

(திருப்பூர் பனியன் தொழிலாளர் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்திவரும் கல்லூரி மாணவர்கள், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை.)



உங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கும் இங்கிலீஷும் சொல்லிக் கொடுக்கத்தான் நாங்கள் வந்தோம். இப்போது ஞாயிறுதோறும் இன்னொரு பாடமும் நடத்துகிறோம். பத்திரிகையிலும் டெலிவிஷனிலும் கைபேசியிலும் வரும் சேதியைச் சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதே அது.

இந்தப் பாடம் சோறு போடுமா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். 2023 மார்ச்சை நினைத்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளரை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. நம்மோடு வேலை செய்த வடநாட்டுச் சகோதரர் பலர் அஞ்சி ரயிலேறினார்கள். உண்மை என்ன? ஒரு வீடியோ, கோவையில் உள்ளூர்க்காரர்களே இரு கோஷ்டியாக மோதிக்கொண்டது. இன்னொன்று, திருப்பூரில் பீகார் தொழிலாளருக்குள்ளேயே நடந்த சண்டை. தமிழ்நாட்டுப் போலீஸ் தலைமையே இதைச் சொன்னது. ஆனால் அதற்குள் பொய் பாட்னா சட்டசபை வரை போய் அமளி மூட்டிவிட்டது!

2018-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டியைப் பிள்ளை பிடிப்பவர் என்று சொல்லி அடித்தே கொன்றார்கள். அதுவும் வதந்தி செய்த கொலைதான்.

வகுப்பில் நாங்கள் பத்திரிகைப் படம் ஒன்றில் பாதியை மறைத்துக் காட்டுகிறோம். மறைத்த பாதியைத் திறந்தால் கதையே மாறிவிடுகிறது. பிறகு பிள்ளைகளே கேட்கிறார்கள்: யார் சொன்னது? எங்கே, எப்போது நடந்தது? மறைத்தது எதை? இதனால் லாபம் யாருக்கு?

போன வாரம் ஒரு சிறுமி எழுந்து, "அக்கா, எங்கப்பாவும் இப்படி ஒண்ணு அனுப்புனாரு. அப்போ அவரு பொய்காரரா?" என்றாள். பீகார் தொழிலாளி ஒருவரின் மகன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். எங்களுக்கு உடனே வாய் வரவில்லை. "இல்லை கண்ணு, உங்கப்பா பயந்து அனுப்பியிருக்கிறார். பயமுறுத்தியவன்தான் பொய்யன்" என்றோம்.

தோழர்களே, பார்ப்பவர் கூடக் கூட விளம்பரப் பணம் குவிகிறது. பொய் இன்று வியாபாரச் சரக்கு. ஆலையிலும் வயலிலும் தொழிலாளி தொழிலாளியைச் சந்தேகித்தால், கூலியை அமுக்க நினைப்பவனுக்குக் கொண்டாட்டம்!

உங்களிடம் நாங்கள் வேண்டுவது ஒன்றுதான். பதைபதைக்க வைக்கும் சேதி ஏதும் வந்தால், பிறருக்கு அனுப்புமுன் பிள்ளைகளின் அந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். பதில் கிடைக்காவிட்டால் அனுப்பாதீர்கள். "உனக்கென்ன தெரியும்" என்று பிள்ளையை அதட்டாதீர்கள். அது நம் ஒற்றுமையைக் காக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது.