நோயை மறைத்த நூல்

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியது)

இவ்வூர்க்காரர் ஒருவர் தம் அண்ணனின் சித்தக் கோளாறைப் பற்றி எழுதிய புத்தகத்தைப் படித்துவிட்டுப் பேசும்படி நம்மிடம் கொடுத்தார்கள். குடும்ப இரகசியம் என்று எல்லோரும் மூடி வைக்கும் சங்கதியை ஒருவர் துணிந்து வெளியிட்டிருக்கிறாரே என்று ஆசையோடுதான் பிரித்தோம். ஏமாந்தோம் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

புத்தகம் முழுவதும் யாருடைய கஷ்டம்? தாயார் இருந்த விரதம், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிய தம்பியின் கால் கொப்புளம், குணசீலத்தில் 48 நாள் தங்கிய செலவு! தங்கைக்கு வரன் தட்டிப்போனது தனி அத்தியாயம். நோயாளி எதற்குப் பயந்தார், அவர் காதில் என்ன குரல் கேட்டது என்பதற்கு ஒரு வரி கிடையாது. நோயின் பெயர்கூட இல்லை. டாக்டர் கொடுத்த மருந்தில் அண்ணன் நிம்மதியாய்த் தூங்கினது இரண்டு வரி; அது அருணாசலன் அருள் என்பது இரண்டு பக்கம். குணமானால் சாமிக்குக் கீர்த்தி, ஆகாவிட்டால் டாக்டருக்குப் பழி!

பௌர்ணமியில் பித்து ஏறும் என்கிறார்கள். அதே பௌர்ணமியில் மலை சுற்றினால் இறங்கும் என்கிறார்கள். பாவம், சந்திரன் எதைத்தான் செய்வான்?

நடுவில் ஓரிடத்தில், கொஞ்ச நாள் கட்டிவைக்க நேர்ந்தது என்று எழுதிவிட்டு அடுத்த சங்கதிக்குத் தாவிவிடுகிறார். கயிறா, சங்கிலியா? எத்தனை நாள்? நாம் அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். ஏர்வாடி ஞாபகம் வந்தது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலை, இராமநாதபுரம் ஜில்லாவில் அந்தத் தர்கா ஊரில் ஒரு காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில். 28 பேர் மாண்டார்கள். இப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விட்டவர்கள் பகைவர்களா? தாய் தகப்பன், அண்ணன் தம்பிதானே! தர்காவானாலும் கோயிலானாலும் சங்கிலி இரும்புதான்.

பாரிஸில் 1952-இலேயே குளோர்புரோமசின் என்னும் மருந்தைக் கொடுத்துப் பலன் கண்டுவிட்டார்கள். ஏர்வாடி எரிந்தபோது அம்மருந்துக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது! 2017-இல் இயற்றி 2018 முதல் அமலிலுள்ள மனநலச் சட்டம் சங்கிலியிடுவதை அடியோடு தடுக்கிறது. 14416 என்ற எண்ணில் காசில்லாமல் யோசனை கேட்கலாம். இவற்றில் ஒன்றாவது அப்புத்தகத்தில் இருந்தால், அதைப் படிக்கும் இன்னொரு குடும்பத்துக்கு உதவியிருக்குமல்லவா?

ஆசிரியரைக் கெட்டவர் என்று நாம் சொல்ல மாட்டோம். அண்ணனைத் தெருவில் விடாமல் இன்றும் சோறு போடுகிறார். இரண்டாம் பதிப்பு வருமாம். அதில் அண்ணன் தம் வாயால் சொன்னது பத்து வரியாவது இருந்தால், நூறு பிரதிகளை நாமே தூக்கிக்கொண்டு ஊர் ஊராய் விற்றுத் தருகிறோம்.