மனச்சுமையும் முன்னேற்பாடும்



ஒரு பாலத்தின் மீது பாரவண்டி ஏறும்பொழுது, அப்பாலத்தின் இரும்புச் சட்டங்களுக்குள்ளே ஓர் இறுக்கம் எழுகின்றது. கண்ணுக்குப் புலப்படாத அவ்விறுக்கத்தைப் பௌதிக நூலார் தகைப்பு என்பர். இன்று அச்சொல்லின் பொருள் பாலத்தை விட்டு மனிதனிடம் வந்து சேர்ந்துவிட்டது. பரீட்சைக்குப் படிக்கும் மாணவன், கடன் தவணையை எண்ணி உறங்காத குடும்பத் தலைவன், மழையை நோக்கி வானம் பார்க்கும் கமக்காரன், கந்தோரிற் கோப்புக்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் உத்தியோகத்தன் ஆகிய எல்லோரும் மனச்சுமை என்னும் ஒரே முறைப்பாட்டைக் கூறுகின்றனர்.

ஆயினும், பாலத்துக்கும் மனிதனுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. நாளை எத்தகைய வண்டி வரும் என்பதைப் பாலம் அறியாது; மனிதன் அறிவான். அதனாலேதான் சுமை வருவதற்கு முன்னரே அவன் அஞ்சுகின்றான். அதே அறிவினாலே, சுமை வருவதற்கு முன்னரே அவன் ஆயத்தஞ் செய்யவும் வல்லவனாகின்றான். அச்சமும் ஆயத்தமும் ஒரே வேரிலிருந்து கிளைக்கும் இரு கிளைகள். எந்தக் கிளைக்கு நீர் ஊற்றுவது என்பதே கேள்வி.

மனம் அஞ்சும்பொழுது உடல் என்ன செய்கின்றது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்து உடற்றொழிலியல் பேராசிரியர் வோல்ற்றர் கனன், 1915ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில் இதனை விளக்கினார். ஆபத்து எதிர்ப்பட்டதும், சிறுநீரகங்களின் மேலே அமைந்துள்ள அதிரீனல் சுரப்பிகள் அதிரீனலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. இதயம் விரைந்து அடிக்கின்றது, குருதியமுக்கம் உயர்கின்றது, ஈரல் தான் சேமித்து வைத்த வெல்லத்தைத் தசைகளுக்கென வெளிவிடுகின்றது, சமிபாடு தளர்கின்றது. எதிர்த்து நிற்பதற்கோ ஓடித் தப்புவதற்கோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் இது. காட்டு வழியிற் கரடியைக் கண்டவனுக்கு இஃது உயிர் காக்கும் உதவி. கரடி போய்விட்டால் உடலும் அமைதியுறும். ஆனால் கடனும் பரீட்சையும் மேலதிகாரியின் சினமும் கரடியைப்போற் போய்விடுவதில்லை. மாதக்கணக்கிற் கூடவே இருக்கின்றன. உடலும் மாதக்கணக்கில் ஓட்டத்துக்கு ஆயத்தமாகவே நிற்கின்றது, ஓடத்தான் இடமில்லை.

இவ்வாறு நீண்டு நிற்கும் நிலையின் விளைவை மொன்றியல் நகரில் ஆராய்ந்தவர் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர். குளிருக்கும் காயத்துக்கும் கடும் உழைப்புக்கும் உட்படுத்திய எலிகள் எல்லாவற்றிலும் ஒரே வகையான மாற்றங்களை அவர் கண்டார். அதிரீனல் சுரப்பிகள் பருத்திருந்தன. இரைப்பையிற் புண்கள் தோன்றியிருந்தன. 1936ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான சஞ்சிகைக்கு அவர் எழுதிய சிறு கடிதம் இத்துறைக்கே தொடக்கமாயிற்று. முதலில் திடுக்கிடுதல், பின்னர் எதிர்த்து நிற்றல், இறுதியிற் களைத்து வீழ்தல் என மூன்று படிகளை அவர் வகுத்தார். எனினும் எல்லாச் சுமையும் தீயதன்று என்பதையும் பிற்காலத்தில் அவரே வற்புறுத்தினார். சுமையே இல்லாத வாழ்வு வாழ்வாகாது.

அங்ஙனமாயின், ஒரே சுமை ஒருவனை வீழ்த்தவும் மற்றொருவன் அதனைத் தாங்கி நடக்கவும் காரணம் யாது?

நியூயோர்க்கில் உள்ள ரொக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் என்பவர் 1970ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் நடத்திய சோதனைகள் இதற்கு ஒரு விடை தந்தன. இரண்டு எலிகளின் வாலில் ஒரே மின்னதிர்ச்சி செலுத்தப்பட்டது. அளவும் ஒன்று, நேரமும் ஒன்று. ஓர் எலியின் முன்னே ஒரு சிறு சக்கரம் இருந்தது. அதனைச் சுழற்றினால் இரண்டுக்கும் அதிர்ச்சி நிற்கும். மற்ற எலிக்குச் செய்யத்தக்கது எதுவும் இல்லை. இரைப்பைப் புண் மிகுதியாகக் கண்டது எந்த எலிக்கு? சக்கரம் பயன்படாத எலிக்கே. பட்ட துன்பம் சமம். ஆயினும் ஏதேனும் செய்ய இயன்ற எலி குறைவாகவே நலிந்தது.

எலிக்குக் கண்டது மனிதனுக்கும் பொருந்துமா என வினவலாம். இலண்டன் மாநகரில் அரசாங்க உத்தியோகத்தரிடையே 'வைற்ஹோல்' ஆய்வு 1967ஆம் ஆண்டில் ஆரம்பமாயிற்று. பெரும் பொறுப்புச் சுமக்கும் உயர் பதவியாளருக்கே இருதய நோய் மிகுதியென அக்காலத்திற் பலர் எண்ணியிருந்தனர். கிடைத்த முடிவோ நேர்மாறானது. பதவிப் படியிற் கீழே இறங்க இறங்க இருதய நோயால் இறப்போர் தொகை ஏறிச் சென்றது. 1985ஆம் ஆண்டில் 10,000க்கு மேற்பட்ட ஆண் பெண் உத்தியோகத்தரைக் கொண்டு தொடங்கிய இரண்டாம் ஆய்வு காரணங்களுள் ஒன்றைச் சுட்டிக்காட்டிற்று. தம் வேலையை எப்பொழுது, எவ்வாறு செய்வது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை குறைந்தவர்களிடையே இருதய நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, சுமையின் நிறையைக் காட்டிலும் கையறு நிலையே மனிதனை அதிகம் அரிக்கின்றது எனலாம்.

கையறு நிலை எவ்வளவு கொடிதாயினும் அதனுள்ளும் கைக்கு ஒரு வேலை தேடிக்கொள்ளலாம் என்பதற்கு, தென் துருவப் பனிக்கடலில் நிகழ்ந்த ஒரு வரலாறு சான்று பகரும்.

சேர் ஏணெஸ்ற் ஷாக்கிள்ரன் என்பார், அந்தாட்டிக்காக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறு கரைவரை நடந்து கடக்க எண்ணி, 1914ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் தென் ஜோர்ஜியாத் தீவிலிருந்து 'என்டியூரன்ஸ்' என்னும் கப்பலிற் புறப்பட்டார். கப்பலில் இருந்தோர் 28 பேர். 1915 ஜனவரியில் வெடல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுக்கிக்கொண்டன. பத்து மாதங்கள் அது பனியோடு மிதந்தது. ஒக்டோபர் மாத இறுதியிற் பலகைகள் நொறுங்கத் தொடங்கவே எல்லோரும் பனிமீது இறங்கினர். நவம்பர் 21ஆந் திகதி கப்பல் மூழ்கிற்று. கம்பியில்லாத் தந்தியின் உதவியும் இல்லை. அவர்கள் எங்கேயிருக்கின்றனர் என்பதை உலகில் எவரும் அறியார்.

அந்த வேளையில் ஷாக்கிள்ரன் செய்தது ஊன்றி நோக்கத்தக்கது. கண்டத்தைக் கடக்கும் நோக்கம் அழிந்துவிட்டது. அதனை எண்ணிப் புலம்பாமல், உடனே புதிய நோக்கமொன்றை வகுத்தார்: 28 பேரையும் உயிருடன் ஊர் சேர்த்தல். சுமையைக் குறைப்பதற்காக, ஒவ்வொருவரும் சொந்தப் பொருளாக இரண்டு இறாத்தல் நிறைக்கு மேல் எடுத்துச் செல்லலாகாது என்றார். தம்மிடம் இருந்த பொற்காசுகளை எல்லோரும் காணப் பனியில் எறிந்தார். ஆனால் ஹஸி என்பவரது பஞ்சோ என்னும் நரம்பு வாத்தியத்தை மட்டும் விட்டுச் செல்ல அவர் இணங்கவில்லை. மனத்துக்கு அதுவே மருந்தென்று கருதினார். பொன்னை எறிந்து இசையைக் காத்த அத்தீர்மானம், வரப்போகும் சோர்வை முன்கூட்டியே அறிந்த தீர்மானம்.

இருண்ட குளிர்காலத்திற் கப்பலில் இருந்தபொழுதே நாய்வண்டி ஓட்டப் போட்டியும் பனிமீது உதைபந்தாட்டமும் நடந்தன. ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் ஒரு வேலை இருந்தது. முணுமுணுக்கும் இயல்பினரைத் தூர விலக்காமல் தமது கூடாரத்திலேயே அவர் வைத்துக்கொண்டார். பனியில் ஒருமுறை கட்டளைக்குப் பணிய மறுத்தவர் கப்பற்றச்சர் மக்னிஷ். பின்னர் ஆபத்தான படகுப் பயணத்துக்கு ஆள் தெரிந்தபொழுது அவரையும் ஷாக்கிள்ரன் தம்முடன் சேர்த்துக்கொண்டார். அப்படகின் பக்கங்களை உயர்த்திக் கடலுக்கு ஏற்றதாக்கியவர் அந்தத் தச்சரே.

1916 ஏப்ரலில் மூன்று படகுகளில் அவர்கள் எலிபன்ற் தீவை அடைந்தனர். அங்கு ஆள் நடமாட்டம் இல்லை, கப்பல்களும் வருவதில்லை. காத்திருந்தாற் சாவு நிச்சயம். ஏப்ரல் 24ஆந் திகதி ஐவரை அழைத்துக்கொண்டு, 22 அடி நீளமுள்ள படகொன்றில் ஏறத்தாழ 800 கடல் மைல் கடந்து, மே 10ஆந் திகதி தென் ஜோர்ஜியாவை ஷாக்கிள்ரன் அடைந்தார். கரையேறிய இடத்திலிருந்து திமிங்கில வேட்டைக்காரரின் நிலையத்துக்குச் செல்ல, எவரும் முன்பு கடவாத மலைகளை மூவராய் 36 மணி நேரத்திற் கடந்தார்.

தீவிற் காத்திருந்த 22 பேருக்கும் தலைவராயிருந்தவர் பிராங் வைல்ட். கவிழ்த்த இரண்டு படகுகளே அவர்களின் வீடு. குளிரில் உறைந்து அழுகிய இளைஞன் ஒருவனின் கால்விரல்களை அக்குடிலினுள்ளேயே வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்து அகற்றினர். எப்பொழுது மீட்பு வரும், வருமோ வராதோ என்பதை வைல்ட் அறியார். ஆயினும் தலைவர் இன்றைக்கு வரக்கூடும் என்று கூறி, நாள்தோறும் காலையிற் படுக்கைகளைச் சுருட்டி ஆயத்தமாக வைக்கச் செய்தார். 128 நாட்கள் கழிந்தன. மூன்று முறை முயன்றும் பனியால் தடைப்பட்ட ஷாக்கிள்ரன், நான்காம் முறை சிலி நாட்டுக் கப்பலாகிய 'யெல்ச்சோ'வில் 1916 ஓகஸ்ட் 30ஆந் திகதி வந்து சேர்ந்தார். 'என்டியூரன்ஸ்' கப்பலிற் சென்ற 28 பேரில் ஒருவரும் இறக்கவில்லை. கப்பலோ 2022ஆம் ஆண்டில், 3,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்திற் கண்டுபிடிக்கப்பட்டது.

வைல்டின் செயலிலே ஒரு நுட்பம் இருக்கின்றது. கப்பலை வரவழைப்பது அவர் கையில் இல்லை. படுக்கையைச் சுருட்டுவது அவர் கையில் இருந்தது. கையில் இல்லாததை எண்ணி நைந்திருந்தால் கையில் இருந்ததும் நழுவியிருக்கும்.

இலங்கையில் இன்று வீடுதோறும் மனச்சுமை தரும் ஒன்று பரீட்சை. உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். வினாத்தாள் எத்துணைக் கடினமாக வரும்? அவள் கையில் இல்லை. 2001ஆம் ஆண்டு முதல் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொள்ளப்படும் இசற் புள்ளி எங்கே நிற்கும்? அது பிறர் பெறும் புள்ளிகளையும் பொறுத்தது. அதுவும் அவள் கையில் இல்லை. இவ்வாரம் எந்த அலகைப் படிப்பது, கடந்தகால வினாத்தாள்களுள் எதனை நேரங் கணித்துச் செய்து பார்ப்பது, விளங்காத பகுதியை எந்த ஆசிரியரிடம் வினவுவது, இரவு எத்தனை மணிக்கு உறங்குவது என்பன அவள் கையில் உள்ளன. ஒரு தாளை எடுத்து நடுவே கோடிட்டு, ஒரு புறம் கையில் உள்ளனவற்றையும் மறுபுறம் இல்லாதனவற்றையும் எழுதுவாளாயின், பரீட்சை என்னும் ஒரே பெரும் பூதம் பத்துச் சிறு வேலைகளாகப் பிரிந்துவிடும். பூதத்தோடு போராட இயலாது. வேலையைச் செய்து முடிக்க இயலும்.

அடுத்ததாக, தோல்விக்கும் ஆயத்தஞ் செய்தல் வேண்டும். தோல்வியைப் பற்றிப் பேசுவது அபசகுனம் எனப் பல பெற்றார் கருதுகின்றனர். மூடிய அறையே இருட்டாய்த் தோன்றும். மீண்டும் தோற்ற வாய்ப்புண்டு. தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. தொழிற் பயிற்சிகள் உண்டு. இவற்றை முன்னரே அமர்ந்து பேசிய வீட்டில், பெறுபேறு வரும் நாள் வாழ்வின் கடைசி நாளாகத் தோன்றாது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. மனத்தை மாற்றிக்கொள் என்று பாரஞ் சுமப்பவனுக்கு மட்டும் போதிப்பது நீதியன்று. வைற்ஹோல் ஆய்வு சுமத்துவோருக்கும் ஒரு பாடம் புகட்டுகின்றது. மாணவனின் ஒவ்வொரு மணி நேரத்தையும் தாமே வகுத்துக் கொடுக்கும் தந்தையும், ஆசிரியர் கருத்தைக் கேளாது கட்டளையிடும் அதிபரும், எழுதுவினைஞனை ஒரு சிறு முடிவும் எடுக்கவிடாத தலைவரும், சக்கரத்தை எலியிடமிருந்து பறித்தவர்கள் ஆவர். எத்தனை புள்ளி பெற்றாய் என்று வினவும் தாய், நாளைக்கு எதைப் படிக்க எண்ணியிருக்கின்றாய் என்று வினவினால், அந்தச் சக்கரம் பிள்ளையின் கைக்கு வந்துவிடும்.

வேறொன்றும் உண்டு. பல நாட்களாக உறக்கம் இல்லாமை, உணவில் வெறுப்பு, எவரோடும் பேச விருப்பமின்மை, உயிர் வாழ்வதிலேயே சலிப்பு ஆகியவை காணப்படின், அவை அறிவுரையால் தீரும் நிலையைக் கடந்தவை. காய்ச்சலுக்கு வைத்தியரை நாடுவதில் எவரும் நாணுவதில்லை. இதற்கும் நாண வேண்டுவதில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தில் உதவி பெறலாம். வேளைக்கு உதவி கேட்பதும் முன்னேற்பாடுகளுள் ஒன்றே.

திருவள்ளுவர் அதிகாரங்களை அடுக்கிய முறையும் இவ்விடத்தில் நினைத்தற்குரியது. ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை ஆகிய மூன்றையும் கூறிய பின்னரே அவர் இடுக்கணழியாமையை வைத்தார். இடுக்கண் வந்து வாசலில் நின்ற பின் கலங்காமையைத் தேடுதல் கடினம். ஊக்கத்தோடு எழுந்து, சோம்பலை விட்டு, நாள்தோறும் முயற்சியிற் பழகியவனிடம் கலங்காமை தானாகவே வந்து தங்கும். அம்முயற்சி பெரிதாயிருத்தல் வேண்டுமென்பதில்லை. நாளை விடியும்பொழுது செய்யத்தக்க ஒரு சிறு வேலையை இன்றிரவே தெரிந்துகொண்டு உறங்கச் செல்பவனுக்கு, அவ்விரவின் சுமை ஓரளவேனும் குறைந்தேயிருக்கும்.