தானக் குருதியும் சோதனையும்



வைகையின் வடகரையில் உள்ள மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குத் தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், இராமநாதபுரம் முதலிய பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் வருகின்றனர். சாலை விபத்தில் அடிபட்டவர், பிரசவத்தில் உதிரம் இழந்த தாய், கடும் சோகை கண்ட குழந்தை ஆகியோரின் உயிர், முன்பின் அறியாத ஒருவர் அளித்த இரத்தத்தை நம்பி நிற்கிறது. அந்த இரத்தம் தூயதென்று எவ்வாறு அறிவது? இதனை இன்று சிறிது ஆராய்வோம்.

ஒருவரிடமிருந்து பெரும்பாலும் 350 மில்லி லிட்டர் இரத்தம் எடுக்கிறார்கள். அதனைச் சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா எனப் பிரித்து மூவருக்கு வழங்கலாம். நோய்க் கிருமி இருப்பின் அதுவும் மூவரைச் சென்றடையக்கூடும். ஆகவே நம் நாட்டுச் சட்டம் ஒவ்வொரு பை இரத்தத்தையும் எச்.ஐ.வி., கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி ஆகிய மூன்று வைரஸ்களுக்கும், மேகநோய், மலேரியா ஆகிய இரண்டிற்கும் சோதிக்க வேண்டுமென விதித்துள்ளது. பணத்திற்கு இரத்தம் விற்கும் வழக்கமும், உச்ச நீதிமன்றம் 1996-இல் வழங்கிய தீர்ப்பின் பயனாக, 1998 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டது. வறுமையால் விற்பவர் தம் நோயை மறைக்க நேரும் அன்றோ?

எனினும் சோதனைக்கும் ஓர் எல்லை உண்டு. விதைத்த மறுநாள் வயலைப் பார்ப்பவருக்கு வெறும் மண்ணே தெரியும். விதை உள்ளே இருப்பது தெரியாது. வழக்கமான எலைசா சோதனை, கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் பொருளைத் தேடுகிறது. எச்.ஐ.வி. புகுந்தபின் அப்பொருள் தென்பட ஏறத்தாழ மூன்று வாரங்கள் ஆகலாம். வைரஸின் மரபுப் பொருளையே தேடும் நாட் என்னும் சோதனை இக்காலத்தைப் பெரிதும் குறைக்கிறது. ஆயின் அது செலவு மிக்கது. வளரும் நாடுகளில் எல்லா இரத்த வங்கிகளிலும் அதனைக் காண இயலாது.

கருவியின் குறை ஒருபுறமிருக்க, மனிதரின் கவனக்குறைவு அதனினும் கொடியது. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் சோகைக்குச் சிகிச்சை பெற்ற கருவுற்ற பெண்ணொருவருக்கு, சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம் ஏற்றப்பட்டது. அதில் எச்.ஐ.வி. இருந்தது. இரத்தம் அளித்த இளைஞர் வெளிநாடு செல்வதற்காகச் செய்துகொண்ட பரிசோதனையில் தம் நோயை அறிந்து, தாமே சென்று செய்தியைத் தெரிவித்தார். 2016-இல் அவர் அளித்த இரத்தத்திலேயே நோய் தென்பட்டிருந்தும், அச்செய்தி அவரை எட்டவில்லை என்று அந்நாளைய செய்திகள் கூறின. துயரம் தாளாது அவர் உயிர் துறந்தார். அந்தத் தாய்க்கு மதுரை இராசாசி மருத்துவமனையில் 2019 ஜனவரியில் பெண் மகவு பிறந்தது; தக்க மருந்துகள் அளிக்கப்பட்டன; குழந்தையை நோய் தொற்றவில்லை. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அத்தாய்க்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துவது யாது? குருதிச் சோதனை என்பது ஆய்வுக்கூடத்தில் மட்டும் நடப்பதன்று. இரத்தம் அளிப்பவர் கேள்விகளுக்கு உண்மை கூறுதல், ஆய்வாளர் ஒரு பையையும் விடாது சோதித்தல், நோய் தென்பட்டால் அதனை உரியவரிடம் மறைவாகவும் பரிவோடும் அறிவித்துச் சிகிச்சைக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே சோதனை. இம்மூன்றில் ஒன்று அறுந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகின்றன. மூன்றாவது கண்ணி காக்கப்பட்டிருப்பின், அவ்விளைஞரும் முன்னரே மருந்துண்டு நெடுநாள் வாழ்ந்திருக்கக்கூடும்.

மாணவர்களே! 18 வயது நிரம்பி, 45 கிலோவிற்குக் குறையாத எடையும் நல்லுடலும் உடையவர் இரத்தம் அளிக்கலாம். கல்லூரியில் முகாம் நடக்குங்கால் தயங்காது செல்லுங்கள். அங்கே தரும் வினாத்தாளை நண்பர்களோடு பேசிக்கொண்டே நிரப்பிவிடாமல், ஒவ்வொரு வினாவையும் படித்து மெய்யான விடை எழுதுங்கள். ஐயமிருப்பின், மருத்துவரிடம் தனியே கூறி அன்று விலகிக்கொள்ளுங்கள். அதில் இழிவு ஏதுமில்லை. உங்கள் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பிழையின்றிக் கொடுங்கள். சோதனையின் முடிவைக் கேட்டறியுங்கள். உங்கள் இரத்தத்தைப் பெறப்போகும் நோயாளி உங்களை ஒருநாளும் காணமாட்டார். உங்கள் சொல்லை நம்பியே அவர் அதனை ஏற்கிறார்.