முதல் குண்டு போடாத துப்பாக்கி

துப்பாக்கி சுடும் விளையாட்டைக் கற்க ஆசை, ஆனால் பயம் என்கிறவர்கள் பலர். அந்தப் பயம் பெரும்பாலும் சத்தத்தின் மேல்தான். தோளில் வந்து இடிக்குமே என்பதும் கூடச் சேர்ந்துகொள்கிறது. இடி வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், விசையை இழுக்கும் முன்பே கண் மூடிக்கொள்ளும், தோள் குலுங்கும். குறி தவறும். அதனால்தான் முதலில் ஏர் ரைபிள். காற்றழுத்தத்தில் இயங்குவது; சத்தமும் குறைவு, உதைப்பும் அநேகமாக இல்லை. அதையும் முதலில் குண்டு போடாமலே பழக வேண்டும். ஏர் ரைபிள் சின்னப் பிள்ளை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2008இல் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வென்றது 10 மீட்டர் ஏர் ரைபிளில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் இதில்தான்.

"சரி, கை நடுங்குகிறதே?" என்பீர்கள். எல்லோருக்கும் நடுங்கும். ஊசியில் நூல் கோக்கும்போது என்ன செய்கிறோம்? மூச்சை லேசாக நிறுத்தி, அவசரப்படாமல் கோக்கிறோம். இங்கும் அதேதான். பாதி மூச்சை விட்டு நிறுத்துங்கள். விரல் நுனியால் விசையை மெல்ல மெல்ல அழுத்துங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஆபத்து இல்லையா என்றால், உண்டு. விதியை மீறினால் ஏர் ரைபிளும் ஆபத்துதான். குழல்வாய் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும். சுடத் தயாராகும்வரை விரல் விசையில் படக் கூடாது. பயந்தவர்தான் இதை மறக்க மாட்டார். அசட்டுத் துணிச்சல்காரர் மறந்துவிடுவார். முதல் நாளே பயிற்சியாளரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: "எனக்குப் பயமாக இருக்கிறது, ஏர் ரைபிளில், குண்டு போடாமல் தொடங்கலாமா?"