சிசுக்களுக்கு அன்னமூட்டத் தக்க காலம்

(நமது சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குழந்தைக்கு முதல் அன்னம் எப்பொழுது ஊட்டுவதென்பது சங்கத்திற் பேசத்தக்க விஷயமோ எனச் சிலர் நினைக்கக்கூடும். பாட்டியார் ஒன்று சொல்வர்; நாத்தனார் ஒன்று சொல்வர்; சோதிடர் நாள் குறிப்பர்; குலதெய்வத்தின் சந்நிதிக்குச் சென்றுவரச் சுற்றத்தார் அனைவருக்கும் ஓய்வு வாய்க்கவேண்டும். இத்தனை பேருடைய சௌகரியத்தையும் விசாரிக்கும் நாம், குழந்தையின் வயிற்றை மட்டும் விசாரிப்பதில்லை. ஆகவே, எல்லாருங் கூடியுள்ள இவ்விடமே இதைப் பேசத்தக்க இடமாகும்.

நமது இல்லத்தில் நிகழ்ந்த இரண்டு பிழைகளை முதலில் ஒப்புக்கொள்கிறோம். மூத்த பேரன் மூன்றாம் மாதத்தில் இரவெல்லாம் அழுதான். தாய்ப்பால் போதவில்லையென்று நாமே முடிவுசெய்து, கேழ்வரகுக் கூழை நீர்க்கக் காய்ச்சி ஊட்டினோம். பத்து நாளில் வயிற்றுப்போக்குக் கண்டு, குழந்தை துவண்டு, வைத்தியசாலையில் நான்கு நாள் கிடந்தான். அவன் தாய் ஆதியிலேயே வேண்டாமென்றாள், நாம் கேட்கவில்லை. அதற்கு அஞ்சி, அடுத்த பேத்திக்குக் குலதெய்வக் கோயிலிற் சோறூட்டிக் காதணி விழாவையும் உடன் நடத்துவதென்று ஒன்பது மாதம் முடியும்வரை காத்திருந்தோம். குழந்தை வெளிறி, எடை ஏறாது சோர்ந்தாள். இரும்புச் சத்துக் குறைந்ததென வைத்தியர் கண்டார். முந்தியதும் தவறு, பிந்தியதும் தவறு.

தக்க காலந்தான் யாது? ஆறு மாதம் நிறையும்வரை தாய்ப்பால் ஒன்றே போதும், தண்ணீரும் வேண்டுவதில்லை. நிறைந்தவுடன் அன்னமுந் தொடங்கவேண்டும். 2001-ஆம் ஆண்டில் உலக சுகாதாரப் பேரவை இதனையே வற்புறுத்திற்று. அதற்குமுன் நான்கு முதல் ஆறு மாதம் என்று கூறப்பட்டு வந்தது. நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுக் குழந்தை உணவுச் சட்டமும் முதலில் நான்கு மாதம் என்றே சொல்லி, 2003-இல் ஆறு எனத் திருத்தப்பெற்றது. ஆதலின், நான்காம் மாதத்தைச் சொல்லும் பாட்டியாரைப் பழித்தல் நியாயமன்று; தம் காலத்திற் கேட்டதையே அவர் கூறுகின்றார்.

சிசு கருவிலேயே சேமித்துக்கொண்டு வந்த இரும்புச் சத்து ஏறக்குறைய ஆறாம் மாதத்திற் குறைந்துபோகிறது. தாய்ப்பாலில் அது மிகச் சிறிதே. உடலும் அக்காலத்திலேயே ஆயத்தமாகிறது. தலை நிலைபெறும், சிறிது தாங்கினால் உட்காரும், வாயிலிட்டதை நாவால் வெளியே தள்ளாது விழுங்கும், பிறர் உண்ணுங்கால் கை நீட்டும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் செங்கீரை, சப்பாணி எனக் குழந்தையின் அசைவைக் கண்டே பருவம் வகுத்தனர். நாமும் பஞ்சாங்கத்தோடு குழந்தையையும் பார்ப்போமாக. பெண்ணுக்கு ஒற்றை மாதம் என்பதற்காக ஐந்திற் தொடங்குதலும், பல் முளைக்கட்டுமெனக் காத்தலும் வேண்டா. அழுகை மட்டும் பசிக்கு அடையாளமன்று. சிறுநீர் நன்கு கழித்து எடையும் ஏறுமாயின் பால் போதுமென்று அறிக. குறைமாதத்திற் பிறந்த பிள்ளைக்கு வைத்தியர் சொற்படி நடக்க.

முதலில் இரண்டு மூன்று கரண்டி போதும். குழைந்த சோறும் பாசிப்பருப்பும், மசித்த வாழைப்பழம், கீரை, கேழ்வரகுக் கூழ் ஆகியவை நன்று. புலால் உண்ணும் இல்லத்தார் முட்டை, மீன், ஈரல் இவற்றை வேகவைத்து மசித்து ஊட்டலாம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதமே தக்கது. நீர்த்த கஞ்சி வயிற்றை நிரப்புமேயன்றிப் பலந் தராது. 6 முதல் 8 மாதம்வரை நாளொன்றுக்கு 2 அல்லது 3 வேளையும், 9-ஆம் மாதமுதல் 3 அல்லது 4 வேளையும் ஊட்டுக. தாய்ப்பாலை இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தொடர்க. ஓராண்டு நிறையுமுன் தேனை நாவில் தடவவுங் கூடாது. அதிலிருக்கக்கூடிய கிருமி வித்து நரம்பைத் தாக்கும் கொடிய நோயைத் தரும். ஊட்டுவோர் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் அவசியம்.

கோயிற் சடங்கை விட்டுவிடும்படி நாம் சொல்லவில்லை. ஆறு மாதம் நிறைந்ததும் இல்லத்து விளக்கின்முன் முதற் கவளத்தை ஊட்டுங்கள். சுற்றத்தார் கூடும் நாளிற் சந்நிதியில் மீண்டும் ஊட்டுங்கள். பசித்த பிள்ளை உண்டதற்கு எத்தெய்வமுங் கோபியாது. நம் பேரனும் பேத்தியும் இன்று சுகமாயிருக்கிறார்கள். ஆயினும், அவன் தாய் சொன்ன சொல்லை அன்றே கேட்டிருக்கலாமென்னும் வருத்தம் நமக்கு நீங்கவில்லை. உங்கள் இல்லங்களில் அவ்வருத்தம் நேராதிருக்கவே இதனைச் சொன்னோம்.